பெரிய டெக் கொம்பனிகளில் மேலே இருப்பவர்களுக்கு நேர்மை என்று ஒன்று உண்டா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது: "பெரிய ஐடி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். சரியில்லை என்று தெரிந்த ஒன்றுக்கு மேலிடம் என்னிடம் ஒப்புதல் கேட்கிறது. தலைமையில் இருப்பவர்களுக்கு அறம் என்று ஏதாவது இருக்கிறதா? கீழே இருக்கும் நாங்கள் என்ன செய்யலாம்?"

நீங்கள் தம்பியோ தங்கச்சியோ தெரியாது, ஆனால் உங்கள் நிலைமை கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. மெயில் ஒன்றை எழுதி டிராஃப்டில் வைத்திருக்கிறீர்கள். அனுப்பவும் பயம், அழிக்கவும் மனமில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் "உனக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை" என்பார்கள். ஊகம்தான், பிழையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பதில் எழுதியவர்கள் கூகுளையும் பேஸ்புக்கையும் பிடித்துக் காய்ச்சியிருக்கிறார்கள். அவை உண்மைதான். 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது கொழும்பில் இருந்த எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளை வாசித்து நீக்க அந்தக் கொம்பனியிடம் போதிய ஆட்கள் இருக்கவில்லை. வருத்தம் தெரிவிக்க 2020 மே வரை எடுத்தார்கள். அதே 2018இல் பென்டகனுக்காக ட்ரோன் படங்களை ஆராயும் மேவன் திட்டத்தை எதிர்த்து கூகுள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஆயுதங்களுக்கு ஏஐ செய்ய மாட்டோம் என்று அப்போது எழுதிவைத்ததை 2025 பெப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். ஆகவே கீழே இருப்பவர்களால் முடியும், கொஞ்சக் காலத்துக்கு. அதுவும் கூகுளின் தலைமையகம் இருக்கும் மவுண்டன் வியூவில், நாளைக்கே இன்னொரு வேலை கிடைக்கிறவர்களால்.

ஆனால் சக்கர்பேர்க்குக்கு மனச்சாட்சி இருக்கிறதா என்று தெரிந்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் பொஸ்ஸுக்கு இருக்கிறதா என்பதுதான் உங்கள் தலையிடி. எனக்கும் ஒரு காலத்தில் அதே தலையிடி இருந்தது.

நான் பதினைந்து வருடமாக சொஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். வெள்ளவத்தையில் வீடு, அப்போது வேலை யூனியன் பிளேஸ் பக்கம். காலையில் கரையோர ரயிலில் ஏறி கொம்பனித்தெருவில் இறங்கி நடப்பேன். கொம்பனியின் பெயர் கேட்க வேண்டாம். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்த இடம் என்பது போதும்.

2019இல் எங்கள் குழு இங்கிலாந்துக் கிளையன்ட் ஒருவருக்காகக் களஞ்சியத் தொழிலாளர்களின் வேலை நேரத்தைக் கணக்கிடும் சிஸ்டம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. தொழிலாளி உள்ளே வரும்போது கார்ட்டைத் தட்டுவார், போகும்போது தட்டுவார். இடையில் எத்தனை மணித்தியாலம் என்று பார்த்துச் சம்பளப் பகுதிக்கு அனுப்புவதுதான் எங்கள் வேலை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வன்னியில் படித்தவள். 1996இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை மாற்றியபோது புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அதை ஏற்கவில்லை. அதனால் எங்களுக்குப் பழைய நேரம், அங்காலே புதிய நேரம். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு அம்மாவோடு வவுனியாவுக்கு வருவேன். ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டியதும் அம்மா கைமணிக்கூட்டைக் கழற்றி அரை மணி முன்னுக்குத் தள்ளுவார். திரும்பும்போது பின்னுக்கு. "பஸ்ஸுக்குள்ளேயே அரை மணித்தியாலம் துலைஞ்சு போச்சு" என்பார். 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே வந்துவிட்டது. ஆனால் மணிக்கூடு காட்டும் நேரமும் உண்மையில் கழிந்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது எனக்குள் ஏறிவிட்டது.

இங்கிலாந்தில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு மணிக்கூட்டை ஒன்றுக்குத் திருப்புவார்கள். முதல் நாள் சனி இரவு பத்து மணிக்கு வேலைக்கு வந்து காலை ஆறுக்குப் போகிறவர் ஒன்பது மணித்தியாலம் வேலை செய்திருப்பார். எங்கள் சிஸ்டம் எத்தனை என்று சொல்லும்? பரிசோதிக்கும்படி என் குழுவில் இருந்த பொடியனிடம் சொன்னேன். குருநாகல் பிள்ளை, சிங்களவன், படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ("அக்கா" என்பது இரண்டு மொழிக்கும் பொது, அதனால் எங்களுக்குள் மரியாதைச் சிக்கல் இருக்கவில்லை.) அவன் மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டு ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினான். எட்டு. மூன்று தடவையும் எட்டு.

ஒரு மணித்தியாலச் சம்பளம் காணாமல் போகிறது. சிவியரிட்டி 1, அதாவது ஆகக் கடுமையான பிழை, என்று டிக்கெட் போட்டான். போடச் சொன்னது நான்.

அடுத்த நாள் வைஸ் பிரசிடென்ட் என் மேசைக்கு வந்தார். எங்கள் துறையில் சேர், மிஸ் கிடையாது, அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை நங்கி (சிங்களத்தில் தங்கச்சி) என்பார். கெட்ட மனுஷன் இல்லை. அப்பாவின் ஆபரேஷனுக்கு லீவு கேட்டபோது ஃபோர்மைக்கூடப் பார்க்காமல் போகச் சொன்னவர். இதைச் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது.

அந்த வருடம் ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பு. அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கிளையன்ட்கள் வாரத்துக்கு ஒரு முறை "கொழும்பில் வேலை ஒழுங்காக நடக்கிறதா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். செப்டெம்பர் ரிலீஸ் ஒரு நாள் பிந்தினாலும் ஒப்பந்தம் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது, எனக்கும்தான். பிழையைத் திருத்துவதென்றால் நேரத்தைப் பதிந்து வைக்கும் முறையையே மாற்ற வேண்டும். மூன்று கிழமை வேலை.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: "வருஷத்துக்கு ஒரு இரவு. அதுவும் மார்ச்சில் மணிக்கூடு முன்னுக்குப் போகும்போது ஏழு மணித்தியாலம் வேலை செய்துவிட்டு எட்டுக்குச் சம்பளம் எடுப்பார்கள். கணக்குச் சமன்தானே, நங்கி?"

கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். எனக்கும் அந்த நேரத்தில் பதில் வரவில்லை. பொடியன்தான் பின்னால் இருந்து மெதுவாகச் சொன்னான், கிளையன்ட் தந்த மாதிரித் தரவில் பாதிப் பேர் கிறிஸ்மஸ் சீசனுக்கு எடுத்த தற்காலிக ஆட்கள் என்று. ஒக்டோபரில் வருவார்கள், ஜனவரியில் போய்விடுவார்கள். மார்ச்சில் அவர்களுக்கு ஏது சமன்? வைஸ் பிரசிடென்ட் அவனைப் பார்த்துச் சிரித்தார், "நல்ல பொயின்ட்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சிவியரிட்டி 3 ஆக்கிவிடு, ஏற்கெனவே தெரிந்த பிழை (known issue) என்று ரிலீஸ் நோட்டில் போடுவோம், டிசெம்பரில் திருத்துவோம்" என்றார்.

ஆக்கினேன். சைன் ஓஃப், அதாவது ரிலீஸுக்கு ஒப்புதல், கொடுத்தேன்.

லோன் இருந்தது, அப்பா சுகவீனம், இன்னும் பத்துக் காரணம் சொல்லலாம். "நீ ஏன் மறுக்கவில்லை" என்று இதை வாசித்துவிட்டுக் கேட்கப்போகும் வீரர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் மறுத்திருப்பீர்கள், சரி.

ரிலீஸ் நோட்டில் அந்த வரி பதினோராம் பக்கத்தில் வந்தது: "பருவகால நேர மாற்றத்தின்போது சில ஷிஃப்ட்களில் சிறிய வேறுபாடு ஏற்படலாம்." என் டிக்கெட்டில் இருந்தது "ஒரு மணித்தியாலச் சம்பளம் குறைகிறது". ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு சொல் மாறியது. குறைகிறது என்பது வேறுபாடு ஆனது, சம்பளம் என்ற சொல்லே இல்லாமல் போனது. மேலே உட்கார்ந்திருப்பவர் கடைசியில் வாசிப்பது இந்த வரியைத்தான். அவருக்குத் தெரியாது என்று அவர் பிறகு சொல்லும்போது அது பொய்யாகவும் இருக்காது.

ஒக்டோபர் 27 வந்தது. நவம்பரில் சம்பளச் சீட்டைப் பார்த்துத் தொழிலாளர்கள் கேட்டிருக்கிறார்கள், கிளையன்ட் எங்களிடம் கேட்டார். எப்படி நடந்தது என்று ஆராய மீட்டிங். ஸ்லைடில் காரணம் என்ற கட்டத்தில் "டெஸ்டிங்கில் விடுபட்டது" என்று இருந்தது. டெஸ்ட் செய்தவர் பெயர், பொடியனுடையது.

நான் அந்த அறையில் இருந்தேன். ஏசி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை, மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக் கிழித்துக்கொண்டிருந்தான். கிழித்து, உருட்டி, வரிசையாக வைத்தான். நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டிக்கெட்டின் வரலாற்றைப் பிரதி எடுத்து வைஸ் பிரசிடென்டுக்கு மட்டும் மெயில் போட்டேன். யார் எப்போது 1ஐ 3 ஆக்கியது என்பது அதில் நிமிடக் கணக்கோடு இருக்கும், அழிக்க முடியாது. மாற்றியவர் இடத்தில் இருந்தது என் பெயர், அவருடையது இல்லை. அவர் வாயால் சொன்னார், நான் கையால் செய்தேன். "ஏப்ரலில் பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வந்தது. ஏப்ரலில் எனக்குப் பதவி உயர்வு, அவனுக்குச் சம்பள உயர்வு இல்லை. அதற்குள் கொரோனா ஊரடங்கு, எல்லோரும் வீட்டில். அவன் ஜூனில் வேலையை விட்டுவிட்டான். இதைத் தமிழ், சிங்களம் என்று யாராவது பார்க்க வந்தால் தயவுசெய்து வேண்டாம். பலியானது யார் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

தலைமைக்கு அறம் உண்டா என்று கேட்டீர்கள். அந்தப் பொடியனுக்குத் தலைமை நான்தான். அவன் கண்ணில் பட்ட கொம்பனி என் அளவுதான். இதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டதும் ராத்திரி பதினொன்றரைக்கு எழுத உட்கார்ந்தேன்.

2024 ஜனவரியில் பிரித்தானியத் தபால் நிலைய ஊழலைப் பற்றிய செய்திகளை விடாமல் பார்த்தேன். ஃபுஜிட்சு செய்த ஹொரைசன் என்ற கணக்கு சிஸ்டம் பணம் குறைவதாகப் பிழையாகக் காட்ட, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட உபதபால் அதிபர்கள் களவு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். முறையிட்டவர்களிடம் "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்று சொல்லியிருக்கிறார்கள். சிஸ்டத்தில் பிழைகள் இருந்தது ஆரம்பத்திலேயே கொம்பனிக்குத் தெரியும் என்று ஃபுஜிட்சுவின் ஐரோப்பியத் தலைவர் பகிரங்க விசாரணையில் ஒத்துக்கொண்டார். மற்றவர்கள் தலைவரின் முகத்தைப் பார்த்திருப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே நினைப்பு: எங்கோ ஒரு டெஸ்டர் இதை 1 என்று போட்டிருப்பாள், யாரோ 3 ஆக்கச் சொல்லியிருப்பார். அப்படி நடந்தது என்று சொல்லவில்லை, என் மனம் அங்கேதான் போனது.

என் ஒரு மணித்தியாலத்தை அதோடு ஒப்பிடுவது மிகை என்பீர்கள். மிகைதான். யாரும் சிறைக்குப் போகவில்லை, கிளையன்ட் அந்தப் பணத்தைப் பிறகு கொடுத்துவிட்டார். கொடுக்கும் நேரத்தில் அங்கிருந்தவர்களுக்கு மட்டும்.

இடையில் வேறொரு வயிற்றெரிச்சல், கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். கொழும்பில் ஐடியில் வேலை செய்யும் தமிழர் எல்லோருக்கும் இது நடந்திருக்கும். ரிலீஸுக்கு முதல் நாள் பின்னேரம் நாலரைக்கு வருவார்கள்: "இந்த அப்பின் தமிழைக் கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா? சின்ன உதவி." சின்ன உதவி நானூறு வரி. சிங்களத்துக்குக் காசு கொடுத்து ஆள் பிடித்திருப்பார்கள், தமிழுக்கு நான். ஒரு முறை முகப்புக்குப் போகும் பட்டனில் "வீடு" என்று இருந்தது. திருத்தினால் "இடம் போதாது, வீடே இருக்கட்டும்" என்கிறார்கள். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது, இன்னும் பட்டனில் இடமில்லை. சரி, விடுவோம்.

இனி உங்களுக்கு. நான் இப்போது வேறு இடத்தில் இருக்கிறேன். சேர்ந்ததும் ஒரு சின்ன மாற்றம் கேட்டேன்: சிவியரிட்டியை டெஸ்டரைத் தவிர யாரும் மாற்றக்கூடாது. பிழையோடு ரிலீஸ் பண்ண வேண்டுமென்றால் தாராளமாகப் பண்ணலாம், ஆனால் "இதன் பொறுப்பை ஏற்பவர்" என்ற கட்டத்தில் முடிவெடுப்பவர் தன் பெயரைத் தானே எழுத வேண்டும். புதுமை ஒன்றுமில்லை, பல இடங்களில் இருக்கிற முறைதான். முதல் மாதத்திலேயே பாதி அவசரங்கள் காணாமல் போயின. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் என் இப்போதைய மனேஜர் இரண்டு தடவை அந்தக் கட்டத்தில் பெயர் எழுதியிருக்கிறார். ஒரு தடவை அது பிழையாகிப் போனது. மீட்டிங்கில் எங்களைப் பேச விடாமல், "கையெழுத்து என்னுடையது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார். அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர் ரிலீஸைத் தள்ளிப்போடாததில் எனக்கு உடன்பாடில்லை, அது வேறு விஷயம்.

ஆகவே உங்களிடம் கேட்பதை வாயால் கேட்டிருந்தால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். "இன்று கதைத்தபடி" என்று தொடங்கி நீங்களே நாலு வரி அனுப்பினாலும் போதும். உங்களுக்குக் கீழே ஒரு பொடியனோ பிள்ளையோ இருந்தால் அவர்கள் பெயர் அந்த மெயிலில் எங்கேயும் வராமல் பாருங்கள். வேலையை விட்டு எறிந்துவிட்டு வா என்று எழுதியிருப்பவர்கள் உங்கள் வாடகையைக் கட்டப் போவதில்லை.

பொடியன் போன வருடம் அழைத்தான். வெளிநாட்டில் ஒரு வேலைக்கு முன்னாள் மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதம் வேண்டுமாம், பழைய இடத்து எச்ஆர் சேர்ந்த திகதியும் விட்ட திகதியும் மட்டும்தான் தருகிறார்களாம். "அக்கா, உங்களுக்குக் கரைச்சல் இல்லையென்றால்" என்றான். என் சொந்த மெயிலில் இருந்து எழுதினேன். 2019இல் அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் இவர், அதை 3 ஆக்கியது நான் என்று இரண்டாம் பந்தியில் போட்டேன். அனுப்ப முதல் அவனுக்கு ஒரு பிரதி காட்டினேன். இரண்டாவது பாதியை எடுத்துவிடச் சொன்னான். எடுக்கவில்லை.