பித்தப்பை எடுத்த பிறகு நெய்ப்பொங்கலும் வடையும்

சார், பித்தப்பை எடுத்து 3 மாசமாகியும் காலை டிபன் முடிஞ்ச கையோட கழிப்பறைக்கு ஓடுறேன்னு எழுதியிருந்தீங்க. மன்னார்குடிப் பக்கம் எனக்கும் அதே கதைதான். பித்தநீரைச் சேர்த்து வைக்க இப்போ பை இல்ல. குடலுக்குள்ள சொட்டிக்கிட்டே இருக்கும். மொத்தமா நெய் இறங்கினா அதைக் கரைக்கப் போதாது. நெய்ப்பொங்கல், மெதுவடை, டிகிரி காபி மூணும் ஒரே வேளையில்னா கேட்கவே வேணாம். கல்யாணப் பந்தியில நெய் சொட்டுற பாசிப்பருப்பு அல்வாவான திருவையாறு அசோகாவை ஒதுக்குறதுதான் எனக்கு இன்னமும் கஷ்டம்!

இட்லி, ரசம் சாதம், பீர்க்கங்காய்க் கூட்டுன்னு கொஞ்சம் கொஞ்சமா 5 வேளையாப் பிரிச்சதும் அடங்குச்சு. வெறும் வயித்துல காபி வேணாம். அப்பவும் தண்ணியாவே போனா, பித்த அமிலத்தைப் பிடிச்சு வைக்கிற கொலஸ்டிரமின் தூள் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. கண் மஞ்சளாச்சு, காய்ச்சலோட வயித்துவலி வந்துச்சுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.