பால்வாடியா, எல்கேஜியா? சின்னக் குழந்தைகளை அரசுப் பள்ளியில் சேர்ப்பவர்களின் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சேர்க்கை இப்போதெல்லாம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. 2024-இல் மார்ச் 1-ஆம் தேதியே ஆரம்பித்துவிட்டார்கள். சின்னக் குழந்தை இருக்கிற வீடுகளில் கேள்விகளும் அப்போதே கிளம்பிவிடுகின்றன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கிக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

பையனுக்கு ஜூன் மாதம் மூன்று வயது முடிகிறது. எல்கேஜியில் சேர்க்கலாமா? "இப்போதைக்குப் பால்வாடியில் போடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். (வாசகி, திண்டுக்கல்)

இங்கே கணக்கு ஜூலை 31. அந்தத் தேதிக்குள் மூன்று வயது முடிந்திருந்தால் எல்கேஜி, நான்கு முடிந்திருந்தால் யுகேஜி, ஐந்து முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. உங்கள் பையனுக்கு வயது சரியாக இருக்கிறது. பால்வாடி என்று நாம் சொல்கிற அங்கன்வாடியில் இரண்டு வயது முடிந்ததுமே சேர்த்துக்கொள்வார்கள், அதற்கு ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகலாம்.

ஆகஸ்டில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர்தான் அதிகம் தவிக்கிறார்கள். "நாலு நாள் வித்தியாசத்தில் ஒரு வருஷம் போகிறதே" என்று. போகட்டும். வகுப்பில் மூத்த பிள்ளையாக இருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. ஆள் பிடித்துத் தேதியை மாற்றி எழுதிவிட்டுப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை அதைச் சுமப்பவர்களைப் பார்த்தாயிற்று. அந்த வேலை மட்டும் வேண்டாம்.

எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் கேட்டால் "எல்கேஜி இங்கே இல்லை" என்கிறார்கள். அரசுப் பள்ளியில் எல்கேஜி உண்டு என்றுதானே சொல்கிறார்கள்? (வாசகர், விருத்தாசலம்)

உண்டு. எல்லாப் பள்ளியிலும் இல்லை. 2019 ஜனவரியில் எல்கேஜி, யுகேஜியைத் தொடங்கியபோது, அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்துக்குள் ஏற்கெனவே இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நடுநிலைப் பள்ளி என்றால் எட்டாம் வகுப்பு வரை உள்ளது. உங்கள் ஊரில் இருப்பது ஐந்தாம் வகுப்பு வரை உள்ள தொடக்கப் பள்ளி, அதனால்தான் இல்லை. பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் போன் செய்தும் விசாரிக்கலாம்.

இந்த வகுப்புகள் ஆடி அசைந்துதான் வந்திருக்கின்றன. முதலில் உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். 2022 ஜூனில், இனி இந்தக் குழந்தைகளை அங்கன்வாடியே பார்த்துக்கொள்ளும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பவும், சில நாளிலேயே வகுப்புகள் தொடரும் என்றார்கள். மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்கள். இந்தச் சம்பளத்தில் ஒருவர் எத்தனை வருடம் இருப்பார் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அதனால் பள்ளிக்குப் போனால் "எல்கேஜி இருக்கிறதா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். ஆசிரியர் தினமும் வருகிறாரா, எவ்வளவு நாளாக இருக்கிறார், அவர் லீவு போட்டால் குழந்தைகளை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஆசிரியர் நிலையாக இல்லாத எல்கேஜியைவிட, பத்து வருடமாக ஒரே பணியாளர் இருக்கிற அங்கன்வாடி மேல். இது என் கருத்து. அந்த வகுப்புகளில் உயிரைக் கொடுத்து வேலை செய்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாப்பாவுக்கு இன்னும் ஆதார் எடுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை. சேர்க்க மாட்டார்களா? (வாசகி, ஆம்பூர்)

சேர்ப்பார்கள். ஆதார் இல்லை என்பதற்காகக் குழந்தைக்குப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் பின்னால் பல வேலைகளுக்குக் கேட்பார்கள், எடுத்து வைப்பது நல்லது. ஐந்து வயதுக்குள் என்றால் கைரேகை, கருவிழி எதுவும் பதிய மாட்டார்கள். போட்டோ எடுப்பார்கள், பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் ஒருவரின் ஆதாரும் கேட்பார்கள். ஐந்து வயது ஆனதும் கைரேகை பதிந்து புதுப்பிக்க வேண்டும், அதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

பெயர் விஷயத்தைத்தான் முதலில் முடியுங்கள். பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பிறப்பு எந்த அலுவலகத்தில் பதிவானதோ அங்கேதான் போக வேண்டும். பாப்பா பிறந்தது வேலூர் ஆஸ்பத்திரியில் என்றால் ஆம்பூர் நகராட்சியில் போய் நின்று பயனில்லை. இனிஷியலை எப்படி எழுதுவது, ஆங்கில எழுத்துக்கூட்டல் என்ன என்பதை வீட்டில் முடிவு செய்துவிட்டுப் போங்கள். ஒருமுறை ஏற்றிவிட்டால் மாற்றுவது பெரிய அலைச்சல். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

அங்கன்வாடியில் எழுதவே சொல்லித் தருவதில்லை. எதிர்வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் ஸ்கூலில் போய் ஏபிசிடி மொத்தமும் எழுதுகிறது. என் மாமியார் தினமும் குத்திக் காட்டுகிறார். என்ன செய்வது? (வாசகி, தேனி)

வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்று வயதுக் குழந்தை பென்சிலைப் பிடிக்கும்போது அதன் கையைப் பாருங்கள். பெரும்பாலும் முழு உள்ளங்கையாலும் இறுக்கிப் பிடிக்கும். தோளிலிருந்து கை மொத்தமும் அசையும். கட்டை விரலும் மற்ற இரண்டு விரல்களும் தனியாகச் சேர்ந்து வேலை செய்ய இன்னும் நாளாகும். அந்தக் கையை நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம் எழுத வைத்தால் எழுதத்தான் செய்யும். கூடவே அழுத்தி எழுதுகிற பழக்கமும், நோட்டைக் கண்டாலே ஓடுகிற பழக்கமும் வரும். இரண்டாம் வகுப்பில் "எழுதவே மாட்டேன் என்கிறான்" என்று என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர், மூன்று வயதில் ஏபிசிடி எழுதிக் கைத்தட்டல் வாங்கியவர்கள்.

நல்ல அங்கன்வாடி ஒன்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மணி கோர்க்கிறார்கள், களிமண் உருட்டுகிறார்கள், புளியங்கொட்டையையும் சோழியையும் பிரித்துப் பிரித்து வைக்கிறார்கள். அவ்வளவும் அந்த மூன்று விரல்களுக்கான பயிற்சி. பாட்டும் கதையும் சும்மா பொழுதுபோக்கு இல்லை, காதில் விழுந்த சொற்கள்தான் நாளைக்குப் படிக்கிறபோது கை கொடுக்கும். "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்று தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்றே ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. பணியாளரிடம் "இந்த மாதம் என்ன தலைப்பு டீச்சர்?" என்று கேளுங்கள். டக்கென்று பதில் வந்தால் அங்கே வேலை நடக்கிறது. வராவிட்டால் மாமியார் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது, வேறு மையம் பாருங்கள்.

ஒன்றாம் வகுப்பில் பின்தங்கிவிடுவாள் என்ற பயமும் வேண்டாம். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் நடக்கிறது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளின் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் சொல்லித் தருகிறார்கள். எழுத்தே தெரியாமல் வருகிற பிள்ளைக்கும் அதில் இடம் இருக்கிறது.

தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் இலவசம் என்கிறார்களே, அதற்குப் போட்டுப் பார்க்கலாமா? (வாசகர், திருப்பூர்)

போடலாம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளுக்கு முன்னுரிமை, ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால் நலிந்த பிரிவில் விண்ணப்பிக்கலாம், அதிகம் பேர் போட்டால் குலுக்கல். கல்விக் கட்டணம்தான் இலவசம். வேன், சீருடை, நோட்டு என்று பள்ளி போடுகிற பட்டியலை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2025-26-இல் ஒன்றிய அரசின் நிதி வராததால் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. அதை நம்பிக் குழந்தையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். அங்கன்வாடியில் விட்டுவிட்டுக் காத்திருங்கள்.

தனியார் பள்ளியில் யுகேஜி முடித்தாள். பீஸ் பாக்கி இருப்பதால் டிசி தர மாட்டேன் என்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்க்க முடியுமா? (வாசகர், சேலம்)

தாராளமாக. ஒன்றாம் வகுப்புக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். பாக்கியை வசூலிக்க டிசியை ஆயுதமாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எமிஸ் எண் (கல்வித் துறைக் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) பழைய பள்ளியிலேயே மாட்டிக்கொண்டிருந்தால், புதிய பள்ளித் தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக அதை விடுவிக்கச் சொல்வார். பாக்கியைக் கொடுப்பது உங்களுக்கும் அந்தப் பள்ளிக்கும் இடையில் உள்ள விஷயம், பிள்ளையின் படிப்புக்கு அது தடை இல்லை.

மூன்று வயது நெருங்குகிறது, இரண்டு மூன்று வார்த்தைதான் பேசுகிறான். பேச்சு வந்த பிறகு சேர்க்கலாம் என்று இருக்கிறோம். (வாசகி, பட்டுக்கோட்டை)

தள்ளிப் போடாதீர்கள். "அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் காத்திருக்காதீர்கள். அங்கன்வாடிக் குழந்தைகளை வருடத்துக்கு இரண்டு முறை பார்க்க அரசு மருத்துவக் குழு வரும். சேர்த்திருந்தால் அந்தக் குழுவின் கண்ணில் படுவான். அதுவரைகூட வேண்டாம், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சின்ன வயதிலேயே பார்த்துச் சரிசெய்யும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் எங்கே என்று அரசு மருத்துவமனையில் விசாரித்துப் போங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேசவில்லை என்று வருகிற பிள்ளைகளில் காதில் கோளாறு உள்ளவர்கள் இருப்பார்கள், வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. போனை அவன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, மற்ற குழந்தைகளோடு இருக்க விடுங்கள்.

வாசலிலேயே அழுது புரள்கிறாள். அலுவலகத்துக்கு நேரமாகிறது. அவள் பார்க்காதபோது நழுவி வந்துவிடுகிறேன். (வாசகி, நாகர்கோவில்)

நழுவாதீர்கள். அம்மா எப்போது வேண்டுமானாலும் காணாமல் போவாள் என்று தெரிந்தால் அடுத்த நாள் சேலையை விடவே மாட்டாள். சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். "மணி மூணு" என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வருவேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வந்து நில்லுங்கள். முதல் வாரம் அரை நாள் போதும். கிளம்புகிறேன் என்று சொன்ன பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவும் கூடாது!

சாப்பாடு எப்படி இருக்கும்? (வாசகர், ஓசூர்)

மதியம் கலவை சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை. போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள், தடுக்க மாட்டார்கள். குடிதண்ணீரும் கழிப்பறையும் எப்படி இருக்கின்றன என்று அப்படியே ஒரு பார்வை பாருங்கள். மாதாமாதம் எடை பார்ப்பார்கள், அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

எனக்கு மத்திய அரசு வேலை, மாற்றல் வரும். ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு சேர்த்தால் பிரச்சினை வருமா? (வாசகர், ஆவடி)

வரலாம். கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31-இல் ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். சில வித்யாலயாக்களில் மூன்று வயதிலிருந்து பால்வாடிகா என்ற மழலையர் வகுப்புகளும் நடக்கின்றன. மாற்றல் உறுதி என்றால் அந்த வயதுக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு எல்கேஜியிலிருந்தே அரசுப் பள்ளியில் படிக்க வேண்டுமா? (வாசகர், அரியலூர்)

வேண்டாம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரைதான் கணக்கு. மூன்று வயதிலேயே நீட் கவலையா?

விஜயதசமி அன்று சேர்க்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

சேர்க்கலாம். அரசு விடுமுறையாக இருந்தாலும் சேர்க்கைக்காகத் தொடக்கப் பள்ளிகளையும் அங்கன்வாடிகளையும் திறந்து வைக்கச் சொல்வது சில வருடங்களாகவே வழக்கம். தலைமையாசிரியரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மதியத்துக்கு மேல் போனால் பூட்டியிருக்கலாம். அன்று அரிசியில் "அ" எழுத வைத்துப் பெயரையும் பதிந்துவிட்டு, "ஜூனில் அனுப்புகிறோம்" என்று குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப்போகிறவர்கள் பலர். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்றே அனுப்புங்கள்.