சலுகை அலமாரியும் சனிக்கிழமைக் கூட்டமும்: கேள்வி பதில்

சென்னையில் சின்னதாக ஒரு தமிழ்ப் புத்தகக் கடை நடத்துகிறேன். சில சனிக்கிழமைகளில் எழுத்தாளர் சந்திப்பு இருக்கும். பின்பக்கச் சுவரில் ஒரு சலுகை அலமாரி எப்போதும் உண்டு. இரண்டையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாதி விலைக்குப் புத்தகம் எப்படிக் கட்டுப்படியாகிறது? எங்கிருந்து எடுக்கிறீர்கள்? (ஆவடி வாசகர்)

பெரும்பங்கு பதிப்பாளர்களின் கிடங்கிலிருந்து வருகிறது. முன்பு தமிழில் ஒரு பதிப்பு என்றால் 1,000, 1,200 பிரதிகள் அடிப்பார்கள். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வரும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் அவ்வளவு அடித்தார்கள். ஆணை வராத வருஷம் கட்டுகள் பிரிக்காமலே கிடக்கும். கிடங்கு வாடகை, கரையான், ஐப்பசி கார்த்திகை ஈரம் எல்லாம் சேர்ந்து நெருக்கும்போது, வந்த விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூப்பிடுவார்கள். நாங்கள் ரொக்கம் கொடுத்து மொத்தமாக எடுப்போம். விற்காவிட்டால் திருப்பித் தர முடியாது. அதனால்தான் அந்த விலை. இப்போது 100, 200 பிரதிகள் என்று தேவைக்கேற்ப டிஜிட்டலில் அடிக்கிறார்கள், எனவே இந்தச் சரக்கு குறைந்துகொண்டே போகிறது. நல்ல தாளில், தையல் பைண்டிங்கோடு பழைய ஆஃப்செட் பதிப்பு கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

இன்னொன்று பழைய விலைச் சரக்கு. பத்து வருஷத்துக்கு முன் 120 ரூபாய் போட்ட நாவலின் புதுப் பதிப்பு இன்று 300 ரூபாய் இருக்கும். எங்களிடம் பழைய பிரதி இருந்தால் அச்சிட்ட 120-க்கே தருவோம், மேலே ஸ்டிக்கர் ஒட்ட மாட்டோம். அதில் தள்ளுபடி என்று எங்கும் எழுதியிருக்காது. ஆனால் கடையிலேயே உங்களுக்கு அதிக லாபம் தருவது அதுதான்.

அப்புறம் அடிபட்ட பிரதிகள். புத்தகக் காட்சிக்குப் போய்த் திரும்பியவை, அட்டை மடங்கியவை. இங்கேதான் கவனம் வேண்டும். நம் புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட ஃபாரங்களாக அச்சாகின்றன. பைண்டிங்கில் ஒரு ஃபாரம் விட்டுப்போனால் 96-ஆம் பக்கத்துக்குப் பிறகு 113 வரும். சில பிரதிகளில் ஒரே ஃபாரம் இரண்டு முறை சேர்ந்திருக்கும். பணம் கொடுக்கும் முன் 16, 32, 48 என்று தாவிப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

மூர் மார்க்கெட் மாதிரி பழைய புத்தகம் அள்ளும் இடம் இப்போது இருக்கிறதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கல்பட்டு)

1985 தீ விபத்தோடு அந்த மூர் மார்க்கெட் போய்விட்டது ஐயா. அங்கிருந்த வியாபாரிகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு மாறினார்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலையையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். வாங்கும் முன் பக்கங்களைச் சரிபாருங்கள், பழைய புத்தகத்தில் இது இன்னும் முக்கியம்.

ஆன்லைனில் 30 சதவீதம் தள்ளுபடி. நீங்கள் 10 மட்டும் தருவது ஏன்? (வேளச்சேரி வாசகர்)

200 ரூபாய்ப் புத்தகத்துக்குப் பதிப்பாளர் எங்களுக்குத் தரும் கழிவு 30, 35 சதவீதம். அதாவது 60, 70 ரூபாய். உங்களுக்கு 20 ரூபாய் விட்டால் மிச்சம் 40, 50. அதில்தான் வாடகை, கரண்ட், இரண்டு பேருக்குச் சம்பளம், விற்காமல் தேங்கும் சரக்கு எல்லாம். 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியிலும் 10 சதவீதம்தான் வழக்கம். 30 சதவீதம் தருகிறவர்கள் நஷ்டத்தைத் தாங்கும் அளவுக்கு வேறு வியாபாரம் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் புத்தகம் மட்டும்தான்.

புதுப் புத்தகத்துக்கு 20 சதவீதமாவது கிடைக்குமா? (குரோம்பேட்டை வாசகர்)

ஏப்ரல் 23, உலகப் புத்தக நாளன்று கிடைக்கும். மற்ற நாட்களுக்கு மேலே உள்ள கணக்கைப் பாருங்கள்.

நானே அச்சிட்ட கவிதைத் தொகுப்பு. உங்கள் கடையில் வெளியீட்டு விழா நடத்த என்ன செய்ய வேண்டும்? (விழுப்புரம் கவிஞர்)

தாராளமாக நடத்தலாம். இடத்துக்குப் பணம் வாங்க மாட்டேன். ஆனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மேடையில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஐந்து கருத்துரை, கடைசியில் ஏற்புரை என்று போனால் நீங்கள் மைக்கைப் பிடிக்கும்போது மணி ஒன்பது ஆகியிருக்கும். கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர் எழுந்து போய்விடுவார். புத்தகம் வாங்க வந்தவரும் அவர்தான். பொன்னாடைக்குச் செலவிடும் காசுக்கு உங்கள் ஊர்ப் பள்ளி நூலகத்துக்குப் பத்துப் பிரதி கொடுங்கள். பேசுகிறவருக்கு இரண்டு வாரம் முன்பே புத்தகம் போய்ச் சேரட்டும். படிக்காமல் வந்து பேசுகிறவர் உங்களைப் புகழ்வார், கவிதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நீங்களே உங்கள் கவிதைகளில் நாலைந்தை வாசியுங்கள். கேட்டவர்தான் வாங்குகிறார், இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பிரதிகளை விற்ற பின் பணம் என்ற முறையில் எடுப்பேன். அச்சகத்திலிருந்து வந்ததும் ஒவ்வொரு பிரதியிலும் ஃபாரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். விழா மேடையில் முதல் பிரதியிலேயே பக்கம் விட்டுப்போனால் அந்த வருத்தம் லேசில் ஆறாது.

ஆன்லைனில் வாங்கிய பிரதியைக் கொண்டுவந்து எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்கலாமா? (கல்லூரி மாணவர், அம்பத்தூர்)

வாங்கலாம் தம்பி. யாரையும் தடுக்க மாட்டேன். முடிந்தால் கடையிலிருந்து ஒரு சின்னப் புத்தகமாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்தப் பதிலுக்குப் பெரிய விவாதமே கிளம்பிவிட்டது. வந்ததில் முக்கியமானவை:

*எழுத்தாளர் ஒருவர்:* எங்கே வாங்கினாலும் எனக்கு வரும் ராயல்டி 10 சதவீதம்தான். வாசகரைக் குற்றவாளி மாதிரி நிறுத்தாதீர்கள்.

*வேளச்சேரி வாசகர்:* நாற்காலி, மைக், டீ எல்லாம் கடைக்காரர் செலவு. பில் வேறு இடத்தில், கையெழுத்து இங்கே என்றால் அது நியாயமில்லை.

*தேன்கனிக்கோட்டை வாசகி:* எங்கள் ஊரில் இலக்கியப் புத்தகக் கடையே கிடையாது. ஆன்லைன் இல்லாவிட்டால் நான் படித்திருக்கவே மாட்டேன். நகரத்தில் இருப்பவர்கள் எங்களுக்கு நியாயம் சொல்ல வேண்டாம்.

மூவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தேன்கனிக்கோட்டை அம்மா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. கடை இல்லாத ஊரில் எந்த வழியில் வந்தாலும் புத்தகம் வரட்டும். நான் பேசுவது கடைக்கு வந்து, அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டி, அட்டையைப் போட்டோ எடுத்து, வாசலில் நின்று ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்களிடம். எழுத்தாளருக்கும் ஒன்று: ராயல்டி சதவீதம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் பெயரே கேள்விப்படாத ஒருவரின் முதல் நாவலை ஒரு வாசகர் கையில் எடுத்துக் கொடுத்து, இதைப் படியுங்கள் என்று சொல்வது கடைக்காரர்தான். உங்கள் முதல் புத்தகமும் அப்படித்தான் போயிருக்கும்.

இதைத் தனிமனித நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடாத நாடும் இருக்கிறது. பிரான்ஸில் 1981-இல் சட்டம் போட்டார்கள்: புதிய புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் யாரும் தள்ளுபடி தரக் கூடாது. ஆன்லைன் கடைகள் இலவச டெலிவரி என்று அதைச் சுற்றிக்கொண்டு போயின. அதனால் 2023 அக்டோபரிலிருந்து 35 யூரோவுக்குக் குறைவான ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ அனுப்பும் கட்டணம் வாங்கியே ஆக வேண்டும். நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லை. வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். விலையில் போட்டி இல்லையென்றால் கடைகள் எந்தப் புத்தகத்தைத் தேர்ந்து வைக்கின்றன என்பதில் போட்டி போடும். வாசகருக்கு அதுதான் நல்லது.

கடையில் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கினால் என்ன தப்பு? (பெயர் வேண்டாம் என்றவர்)

மேலே விரிவாகச் சொல்லிவிட்டேன். தயவுசெய்து அதைப் படியுங்கள்.

பொன்னியின் செல்வன் ஒரு கடையில் சில நூறு, இன்னொரு கடையில் ஆயிரத்துக்கு மேல். எது ஒரிஜினல்? (திருவள்ளூர் வாசகி)

இரண்டுமே முறையான பதிப்பாக இருக்கலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். வித்தியாசம் தாள், எழுத்தின் அளவு, பைண்டிங், ஓவியங்கள், முக்கியமாகப் பிழை திருத்தம். ஒரு அத்தியாயத்தின் நடுவில் ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். கண் வலிக்கவில்லை, ஒற்றுப்பிழை மலிந்து கிடக்கவில்லை என்றால் மலிவுப் பதிப்பையே வாங்கலாம். ஐந்து பாகத்திலும் பக்கங்களைச் சரிபாருங்கள். இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் புத்தகம் நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைத்தால் விஷயம் வேறு. அச்சு மங்கி, அட்டைப்படம் கலங்கியிருந்தால் அது திருட்டுப் பதிப்பு. அதில் எழுத்தாளருக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது.

வெளியூருக்கு அனுப்புவீர்களா? செலவு? (தென்காசி வாசகர்)

அனுப்புவோம். அஞ்சல் துறை 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியபோது சின்னக் கடைகள் திணறிப்போயின. 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்ற புதுப் புத்தக அஞ்சல் சேவை வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரை வழி என்பதால் நாள் கூடும். நாலைந்து புத்தகமாகச் சேர்த்து வாங்கினால் கட்டுப்படியாகும்.

டிஎன்பிஎஸ்சி கைடு சலுகையில் உண்டா? (ஆர்வலர்)

எங்களிடம் இல்லை. போட்டித் தேர்வுப் புத்தகக் கடைகளில் கேளுங்கள், இந்த வருஷப் பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள்.

பிடிஎஃப் அனுப்ப முடியுமா? (மூன்று பேர்)

முடியாது.

சந்திப்புக்கு நுழைவுக் கட்டணம் உண்டா? குழந்தையைக் கூட்டி வரலாமா? (மடிப்பாக்கம் வாசகி)

கட்டணம் இல்லை, குழந்தையைக் கூட்டி வாருங்கள். சிறுவர் புத்தகங்கள் கீழ்த்தட்டில் கைக்கு எட்டும்படி இருக்கின்றன. கூட்டம் ஆறு மணிக்கு. ஐந்தரைக்கு வந்தால் சலுகை அலமாரியை நிதானமாகப் பார்க்கலாம், கூட்டம் முடிந்ததும் அங்கே நிற்க இடம் இருக்காது.