இன்சூரன்ஸ் முடிந்து பத்து நாளான காரை ஓட்டலாமா? பிடித்தால் எவ்வளவு ஃபைன்?

முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 4,000. மூன்று மாதம் வரை ஜெயிலும் சட்டத்தில் உண்டு. நீங்கள் அந்த 2,000-ஐ மட்டும் மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

2021 போகிக்கு முந்தின நாள். பாலிசி முடிந்து நான்கு நாள். பொங்கல் கழித்துக் கட்டிக்கலாம் என்று ஈரோட்டிலிருந்து கொடுமுடிக்கு, மாமியார் வீட்டுக்குக் கிளம்பினோம். சந்திலிருந்து ஒரு டிவிஎஸ் எக்ஸெல் மொபெட் சட்டென்று ரோட்டில் ஏறியது. பிரேக் அடித்தும் நிற்கவில்லை. பின்னால் கட்டியிருந்த மஞ்சள் கொத்துகள் ரோடெல்லாம் சிதறின. ஓட்டி வந்த பெரியவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்துவிட்டது.

ஸ்டேஷனில் எஸ்ஐ பாலிசியின் முடிவுத் தேதி மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார். "மாமா, இப்பவே ஆன்லைன்ல கட்டிருங்க" என்றான் மச்சினன். கட்டி என்ன? எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து என்று பாலிசியிலேயே அச்சாகி வரும். நடந்த விபத்துக்கு அது உதவாது.

கோர்ட்டில் ஜாமீன் காட்டி வண்டியை எடுக்க இரண்டரை மாதம். ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் இரண்டு டயர் இறங்கி நின்றது. 2023-ல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 4,60,000 ரூபாய் கட்டச் சொன்னது, பெரியவர் மனுப் போட்ட நாளிலிருந்து ஏழரை சதவீத வட்டியோடு. அவர் மேலும் தவறு உண்டென்று கழித்த பிறகுதான் இந்தத் தொகை. தேர்டு பார்ட்டியில், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான இன்சூரன்ஸில், காயத்துக்கும் உயிருக்கும் உச்சவரம்பே கிடையாது. பாலிசி இருந்திருந்தால் மொத்தமும் கம்பெனி கட்டியிருக்கும். என் மனைவியின் 12 பவுன் போனது.

படித்தவன் இப்படிச் செய்யலாமா என்று எழுத வருகிறவர்களுக்கு: எட்டு வருடம் ஒரு நாள் தவறாமல் கட்டியவன் நான். அந்த வருடம் கொரோனாவில் தறி ஓடவில்லை. நெய்து கொடுத்த துணிக்கு வியாபாரி பத்து மாதம் பணம் தரவில்லை. சிறு தொழில்காரருக்கு 45 நாளைத் தாண்டி பாக்கி வைக்கக் கூடாது என்று 2006-லிருந்து சட்டம் இருக்கிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது என்கிறார்கள். ஈரோட்டில் எத்தனை தறிக்காரர் இதைப் பேச முடியாமல் வயிறெரிந்து கிடக்கிறார்கள் தெரியுமா?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2018 செப்டம்பருக்குப் பிறகு புதிதாக வாங்கிய கார் என்றால் தேர்டு பார்ட்டி மூன்று வருடத்துக்குச் சேர்த்தே போட்டிருப்பார்கள். முடிந்தது உங்கள் வண்டிச் சேதத்துக்கான பகுதி மட்டுமாக இருக்கலாம். பாலிசியை எடுத்துப் பாருங்கள். 90 நாளைத் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸும், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியும், போய்விடும். முழுப் பாலிசிக்கு வண்டியைப் பார்க்க ஆள் வருவார், இல்லையென்றால் வீடியோ கேட்பார்கள். அதற்கு ஓரிரு நாள் ஆகலாம். அதுவரை பஸ்ஸில் போங்கள்.