சின்ன கோர்ட், பெரிய தலைவலி: கூடைப்பந்து கேள்வி-பதில்

எங்கள் கோர்ட் 20 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம். ஐந்துக்கு ஐந்து ஆடவிட்டால் பந்தைச் சுற்றி ஒரே கும்பல். என்ன செய்யலாம்?

ஆளைக் குறையுங்கள். 28-க்கு 15 முழு அளவு கோர்ட்டில் ஒருவருக்கு 42 சதுர மீட்டர் கிடைக்கிறது; உங்களிடம் 22தான். நான்குக்கு நான்கு ஆடினால் 27 ஆகிவிடும். 15-க்கு 11 அளவில் மூன்றுக்கு மூன்றாக ஆறு பேர் ஆடும் த்ரீ எக்ஸ் த்ரீயிலும் அதே இடம்தான். அது சரி, 20 மீட்டர் என்பது கோட்டுக்குக் கோடா, சுவருக்குச் சுவரா? சுவருக்குச் சுவர் என்றால் கோடுகளை உள்ளே தள்ளுங்கள். கோட்டுக்கு வெளியே 2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும்.

அகலம் 12 மீட்டர். மூன்று புள்ளிக் கோடு போடலாமா?

வேண்டாம். ரிங்கிலிருந்து 6.75 மீட்டரில் வளைத்தால் கோடு பக்கவாட்டு எல்லையான சைடுலைனைத் தாண்டிப் போய்விடும்.

எங்கள் 10 வயது அணி எங்கள் சின்ன கோர்ட்டில் 2-3 சோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று, ஆளை விரட்டாமல் ஆளுக்கொரு இடத்தைக் காப்பது) ஆடித்தான் எல்லாப் போட்டியும் ஜெயிக்கிறது. பெற்றோருக்கும் சந்தோஷம். உதவிப் பயிற்சியாளர் மட்டும் மாற்றச் சொல்கிறார்.

அவரை விட்டுவிடாதீர்கள், விஷயம் தெரிந்தவர். இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, எனக்கும் மாதம் தவறாமல் கோபம் வருகிறது.

ஜெயிப்பது உங்கள் சோன் இல்லை, கோர்ட்டின் குறுகல். அந்த அகலத்தில் ஐந்து பேர் கையை விரித்து நின்றாலே வழி அடைபட்டுவிடும். பத்து வயதில் தூரத்திலிருந்து ஒழுங்காக ஷாட் போட ஆள் கிடையாது, குறுக்குப் பாஸும் வேகமாகப் போகாது. எதிரணி உள்ளே வந்துதான் ஆக வேண்டும், வந்தால் மாட்டிக்கொள்ளும். இதில் உங்கள் பிள்ளைகள் கற்றது என்ன? பின்வரிசை நடுவில் நிற்கும் உயரமான பையனை ஆட்டத்தின் ஒரு கால் பகுதி முழுக்கக் கவனித்துப் பாருங்கள். வலப்பக்கம் இரண்டடி, இடப்பக்கம் இரண்டடி, அவ்வளவுதான். தான் காக்கும் ஆள் கட் செய்தால் (சட்டென்று வெட்டி ஓடினால்) கூடவே போவது, பந்தையும் ஆளையும் ஒரே பார்வையில் வைத்திருப்பது, தாண்டிப்போனவனை விரட்டிப் பிடிப்பது என ஒன்றும் பழகமாட்டான். முழு அளவு கோர்ட்டுக்குப் போனதும் எதிரணி மூலையிலிருந்து ஷாட் போடும், சோன் கிழியும். அப்போது ஆளுக்கு ஆள் காக்கும் மேன்-டு-மேன் ஆடச் சொன்னால் கால் நகராது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வும் அந்நாட்டுக் கூடைப்பந்து அமைப்பான யுஎஸ்ஏ பாஸ்கெட்பாலும் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே 11 வயது வரை சோன் வேண்டாம் என்கிறது. முழு கோர்ட் பிரஸ் வைத்து (கோர்ட் முழுக்க எதிரணியை நெருக்கி) இருபது, முப்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். மாற்றினால் நாலு போட்டி தோற்பீர்கள், பெற்றோர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

பிள்ளைகள் போடும் பந்து ரிங்குக்கே எட்டவில்லை. என்ன பயிற்சி கொடுக்கலாம்?

வயது இல்லை, பந்து சைஸ் இல்லை, ரிங் உயரம் இல்லை. ஜோசியமா பார்க்க முடியும்? 12 வயதுக்குள் என்றால் ரிங்கை 2.60 மீட்டருக்கு இறக்கி, சின்ன 5-ம் நம்பர் பந்தைக் கொடுங்கள். 3.05 மீட்டர் ரிங்குக்கு பெரிய 7-ம் நம்பர் பந்தை இடுப்பிலிருந்து தூக்கி எறிந்து பழகிய கை லேசில் திருந்தாது.

பேஸ்லைனுக்கும் (ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக் கோடு) சுவருக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இல்லை. லே-அப் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

ஓடிவந்து ஒற்றைக் காலில் எழும்பும் லே-அப்பை அங்கே நிறுத்திவிடுங்கள். ரிங்குக்கு ஒரு எட்டு முன்னால் கடைசி டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது), இரண்டு காலும் சேர்ந்து ஜம்ப் ஸ்டாப், முழங்கால் மடங்கியபடி நின்று, பிறகு நேர் மேலே எழும்பி போர்டில் அடிக்கச் சொல்லுங்கள். வேகம் ஸ்டாப்பிலேயே செத்துவிடும். சுவருக்கும் கம்பத்துக்கும் ஆளுயரத்துக்கு மேல் மெத்தை கட்டுங்கள். மறுபடியும் சொல்கிறேன், 2 மீட்டர்.

எங்கள் கோர்ட் 20 மீட்டர்தான். பெரிய கோர்ட்டில் போட்டி என்றால் முதல் கால் பகுதியிலேயே மூச்சு வாங்குகிறது.

வாங்காமல்? உங்கள் 20 மீட்டரில் போய், வந்து, மறுபடி போனால்தான் அங்கே ஒருமுறை போய் வந்த தூரம். ஓட்டப் பயிற்சியை அந்தக் கணக்கில் வையுங்கள். நீளப் பாஸ் கைக்கு வரவில்லை என்றால் திறந்த மைதானத்தில் 28 மீட்டர் குறித்துப் பழக்குங்கள்.

பந்தை 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும் என்ற விதி?

5 ஆக்குங்கள்.

இருபது பிள்ளைகள், ஒரே ஒரு ரிங்.

பிவட்டுக்கும் (ஒரு காலை ஊன்றித் திரும்புவது) பாஸுக்கும் டிரிபிளுக்கும் ரிங் எதற்கு? வரிசையில் நிற்கவைப்பதை முதலில் விடுங்கள். நாலு பேர் ரிங்கில், மற்றவர்கள் இரண்டு பேருக்கு ஒரு பந்து, ஐந்து நிமிடத்தில் மாற்றம். சுவர் பக்கம் முகம் வைத்து யாரும் ஓட வேண்டாம்.