மலை தூரத்தில், மீட்டர் கையில்

கேள்வி: பழைய லைட் மீட்டர் ஒன்று கிடைத்தது, பேட்டரி தேவையில்லாத செலினியம் வகை, மேலே வெள்ளைக் குமிழ் இருக்கிறது. ஃபிலிம் கேமராவோடு பயன்படுத்துகிறேன். மலைக்காட்சிகளில் சில நேரம் எக்ஸ்போஷர் சரியாக விழுகிறது, சில நேரம் மலை வெளிறிப்போகிறது. தூரத்து மலையின் ஒளியை இங்கே நின்றுகொண்டு எப்படி அளப்பது?

பதில்: வெளிறிய படங்களை எடுத்தபோது எங்கே நின்றீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக நீங்கள் மரநிழலில், மலை வெயிலில். குமிழ் தன்மேல் விழும் ஒளியை மட்டும்தான் அளக்கும், மலைமேல் என்ன விழுகிறது என்று அதற்குத் தெரியாது. ஆனால் இங்கே அடிக்கும் வெயிலும் அங்கே அடிக்கும் வெயிலும் ஒன்றுதான், சூரியன் இருக்கும் தூரத்துக்கு அந்த மலை உங்கள் பக்கத்திலேயே இருப்பது மாதிரி. அதனால் நாலு அடி நடந்து வெயிலுக்கு வந்து, மலைக்கு முதுகைக் காட்டி நின்று, கேமரா பார்க்கும் திசைக்கு நேர் எதிராகக் குமிழைத் திருப்பி அளந்தால் போதும். பலரும் குமிழை மலையை நோக்கிப் பிடிக்கிறார்கள், அது தவறு. மலை நிழலில், நீங்கள் வெயிலில் என்றால் உங்கள் நிழல் குமிழ்மேல் விழும்படி பிடித்து அளக்கலாம், ஓரளவு சரியாகவே வரும்.

வெயிலுக்குப் போக வழியே இல்லையா? சூரியன் நன்றாக மேலே ஏறிய தெளிவான பகலில் ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன் எண்) 100-க்கு லென்ஸ் துளையை எஃப் 16, ஷட்டர் வேகத்தை 1/125 நொடி என்று வைத்து எடுங்கள். காலை, மாலை மஞ்சள் வெயிலுக்கு இந்தக் கணக்கு உதவாது.

அந்த மாதிரி நேரத்தில் எனக்குப் பிடித்தது ஸ்பாட் மீட்டர். 1 டிகிரி அளவுக்குச் சின்னப் பகுதியைத் தனியாக அளக்கலாம், ஆனால் எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் எடுத்துக்கொள்ளும். பனியை அளந்து அப்படியே எடுத்தால் பனி சாம்பலாகிவிடும், ஒன்றரை முதல் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு, குறைத்தால் பாதி) கூட்ட வேண்டும். நெகட்டிவ் ஃபிலிமில், விவரம் தெரிய வேண்டிய இருண்ட நிழலை அளந்து 2 ஸ்டாப் குறையுங்கள். புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த, கறுப்பு முதல் வெள்ளை வரை படிகளாகப் பிரிக்கும் ஸோன் முறையில் மூன்றாம் ஸோன் என்பது இதுதான். ஸ்லைடு ஃபிலிம் என்றால் தலைகீழ், வெளிச்சப் பகுதியைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

அப்புறம் ஃபில்டர். லென்ஸில் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று கையிலிருக்கும் மீட்டருக்குத் தெரியாது. போலரைசருக்கு ஒன்றரை முதல் 2 ஸ்டாப், அடர் சிவப்புக்கு 3 ஸ்டாப் நீங்களேதான் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, செலினியம் செல் வயதாக ஆக வலுவிழக்கும், அப்போது இருக்கும் ஒளியைவிடக் குறைவாகக் காட்டும், படம் வெளிறும். நான் சொன்னபடி அளந்தும் மலை வெளிறினால் சந்தேகம் மீட்டர்மேல்தான். குமிழை விலக்கிவிட்டு, சீரான வெளிச்சம் விழும் வெற்றுச் சுவர் ஒன்றை அதிலும் ஒரு டிஜிட்டல் கேமராவிலும் அளந்து ஒப்பிடுங்கள். வெயிலில் ஒரு முறை, நிழலில் ஒரு முறை. இரண்டு இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் ஐஎஸ்ஓ எண்ணை மாற்றிவைத்துச் சமாளிக்கலாம், வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறினால் வேறு மீட்டர் பாருங்கள்.