படித்தது ஏறவில்லை என்றால் சோம்பேறியா?

வணக்கம் ஐயா. எனக்கு மேலூர் பக்கம். குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். தினமும் பஸ் ஏறி மதுரை நத்தம் ரோடு கலைஞர் நூலகத்துக்கு வந்துவிடுவேன். முன்பெல்லாம் காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை எழ மாட்டேன். அக்கா கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய கடனுக்கு வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்ததிலிருந்து, ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை. போனைப் பார்த்தே பொழுது போய்விடுகிறது. 'உடம்பு வளையல' என்கிறார் அம்மா. நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இல்லை. சோம்பேறிக்கு இப்படி ஒரு கடிதம் எழுதத் தோன்றாது.

அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் ஊராட்சிக்கு, 74-ஆவது நகராட்சிக்கு என்று படிக்கிறீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைத்தால்தான் ஒப்பிட முடியும். அப்படிப் பிடித்துவைப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. கவனம் சிதறாமல் காப்பதும் அதுதான். மிக நுணுக்கமான பகுதி, பயத்தில் முதலில் தளர்வதும் அதுவே. நார்அட்ரினலின், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள்கள் இரண்டும் அளவாகச் சுரந்தால் அது கூர்மையாக வேலை செய்யும். பயத்தில் அவை அளவுக்கு மீறினால் அங்குள்ள நரம்பணுக்களுக்கு இடையிலான தொடர்பு தற்காலிகமாக அறுந்துபோகும். யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். முன்மூளை தளர்ந்ததும் அச்சத்தையும் பழக்கத்தையும் கவனிக்கும் பகுதிகள் கை ஓங்கும். விரல் தானாகப் போனுக்குப் போவது அதனால்தான்.

இது கோளாறு அல்ல. அலங்காநல்லூர் வாடிவாசலில் மாடு பாயும்போது யோசித்துக்கொண்டு நிற்பவன் குத்துப்படுவான். அங்கே யோசனையை நிறுத்தும் மூளைதான் உயிரைக் காக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் நிற்பவரையும் அது அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் மாடு ஒரு நிமிடத்தில் போய்விடும், வட்டிக்காரர் மறுபடி வருவார். அழுத்தம் நாள்கணக்கில் நீடித்தால் ஊக்கமும் குறையும். என்றோ வரப்போகும் வேலைக்காக இன்று உழைக்க மனசு வராது.

'வெறியோடு படி, தூக்கத்தை விடு' என்று மேடையில் கத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. ஏற்கனவே பயந்திருக்கும் மூளையை இன்னும் பயமுறுத்தி என்ன ஆகப் போகிறது?

நல்ல செய்தியும் உண்டு. தேர்வு நெருக்கடியில் இருந்த மருத்துவ மாணவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது. நெருக்கடி தணிந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது சரியாகியிருந்தது.

ஆகவே முதலில் கடனைக் கையில் எடுங்கள், புத்தகம் அப்புறம். நம் கையில் ஒன்றுமில்லை என்ற நிலைதான் முன்மூளையை அதிகம் பாதிக்கிறது. ஒரு சாயங்காலம் அப்பாவோடு உட்கார்ந்து அசல் எவ்வளவு, கட்டிய வட்டி எவ்வளவு, என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று நோட்டில் எழுதுங்கள். கந்துவட்டி என்றால் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். காவல் நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம்.

படிப்பில் இப்போதைக்குப் பழைய வினாத்தாள்களை மட்டும் போட்டுப் பாருங்கள். இருபது நிமிடம் போதும், பிறகு எழுந்து நடங்கள். போன் பைக்குள் இருக்கட்டும். தூக்கத்தைக் குறைக்கவே வேண்டாம், படித்தது மனதில் பதிவதற்கு அது வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய் வாருங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.